எனக்காக யாரும் மெதுவாக ஓடவில்லை

சென்னை,
பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும்,

நலம். உங்கள் முட்டிகளும் நலம்தானே? என் இடது கால் பெருவிரல் நகம் கறுத்துப் போயிருக்கிறது. வழக்கம்போல் கொஞ்ச நாளில் கழன்று விழுந்துவிடும். மற்றபடி சௌக்கியம்.

ஓடி முடித்த அன்றே நம் வாட்ஸ்அப் குழுவில் "எல்லாருக்கும் நன்றி" என்று ஒரு வரியும், பக்கத்தில் கும்பிடு கை ஒன்றும் போட்டேன். மனசு ஆறவில்லை. அங்கே எதை எழுதினாலும் அடுத்த நிமிடமே யாராவது ஒரு ஸ்ட்ராவா ஓட்டக்கணக்குப் படத்தைப் போட்டு அதை மேலே தள்ளிவிடுகிறீர்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். நம்மோடு ஓடாதவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் நன்றி, மும்பை மாரத்தானில் எனக்காக நீங்கள் யாரும் மெதுவாக ஓடாததற்கு.

ஓடாதவர்களுக்கு இது புரியாது. "எல்லாரும் ஒண்ணாப் போறீங்க, ஒண்ணாத்தானே ஓடுவீங்க?" என்று என் மாமியாரே கேட்டார். போவது ஒன்றாகத்தான், வருவதும் ஒன்றாகத்தான். நடுவிலே இருக்கிற 42.195 கிலோமீட்டர் மட்டும் அவரவர் பாடு. நம் ஐ.டி. தம்பி ஒரு கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்துவிடுவான். எனக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவன் என்னோடு வந்திருந்தால் மாதக்கணக்கில் அவன் விடிகாலையில் எழுந்து பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும். எனக்கோ ஒவ்வோர் அடியும் ஒரு கடனாகக் கனத்திருக்கும்.

புறப்படும் இடத்தில் வங்கி அண்ணன் என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார்: "கூட வரணுமாம்மா?" "வேண்டாம்ண்ணா, நீங்க போங்க." "சரி, பினிஷ்ல பாப்போம்." அவ்வளவுதான். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால், 'இவளால் முடியாதோ?' என்ற சந்தேகம் அவருக்கு இருப்பதாக நான் எடுத்துக்கொண்டிருப்பேன். கேட்காமல் போனதால், முடியும் என்று அவர் நம்புவது எனக்குத் தெரிந்தது. கடைசியாக வருகிறவளுக்குக் கொடுக்கக்கூடிய மரியாதையில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

இப்படி விட்டுவிட்டுப் போகும் உரிமை உங்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அதற்கு முன் மாதக்கணக்கில் நீங்கள் என்னை விடாமல் பிடித்துவைத்திருந்தீர்கள். பெசன்ட் நகரில் நாய்கள்கூட எழாத நேரத்தில் வந்து நின்றீர்கள். மும்பை ஓட்டத்தில் பெடர் ரோடு என்ற மேட்டை ஏற வேண்டுமே, சென்னையில் மேட்டுக்கு எங்கே போவது? அடையாறு திரு.வி.க. பாலத்தையும் கோட்டூர்புரம் பாலத்தையும் நமக்கு மலையாக்கி, ஏறுவதும் இறங்குவதுமாக நாம் பண்ணிய அழிச்சாட்டியத்தைப் பார்த்த பால் வண்டிக்காரர், "காணாமப் போனதை இன்னும் தேடுறீங்களா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில் நான் வந்து சேர்வதற்குள் நீங்கள் இரண்டு காபி குடித்துவிடுவீர்கள். ஆனால் மூன்றாவது காபியை நான் வந்த பிறகுதான் சொல்வீர்கள்.

ரயில் பயணத்துக்குத் தனி நன்றி. வங்கி அண்ணன் அச்சடித்துக் கொண்டுவந்த பட்டியலை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். சேஃப்டி பின் யார், வாசலின் யார், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் யார், முதல் வேளைக்குப் புளியோதரை யார், அடுத்த வேளைக்குத் தயிர்சாதம் யார் என்று ஆள்வாரியாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் கையில் கிளை மேலாளரின் பேனா அப்படியே இருக்கிறது. எதிர் சீட்டுப் பெரியவர் நம் தூக்குச்சட்டிகளைப் பார்த்துவிட்டு "கல்யாணத்துக்கா?" என்றார். "இல்லைங்க, ஓடப் போறோம்" என்று டீச்சர் அக்கா சொன்னதும் அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "யாரு துரத்துறா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் இன்னும் சரியான பதில் இல்லை.

மும்பையில், நெஞ்சில் குத்தும் எண் அட்டையான பிப்பை அவரவர் நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் கண்காட்சிக் கடைகளுக்கு நடுவே நாம் அலைந்த அலைச்சலே ஒரு ஓட்டத்துக்குச் சமம். ஐ.டி. தம்பி அங்கே புது ஷூ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிசியோ தங்கை பின்னாலேயே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அதை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தாள். ஓட்ட நாளில் புதுசு எதுவும் கூடாது. ஷூ, சாக்ஸ், சாப்பாடு, ஜெல் எல்லாம் பழகினதாகத்தான் இருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் மாடுங்காவில் டீச்சர் அக்காவின் உறவினர் வீட்டில் பிசியோ தங்கை எல்லோர் கால் நகத்தையும் பார்த்து வெட்டச் சொன்னதும், "கண்ட இடத்துல எல்லாம் தண்ணி குடிக்காதீங்க, தாகத்துக்கு மட்டும் குடிங்க, கூட உப்பும் சேரணும்" என்று என்னிடம் தனியாகச் சொன்னதும் பிற்பாடு எவ்வளவு உதவியது தெரியுமா? மெதுவாக ஓடுகிறவர்களுக்கு நேரம் அதிகம். வழியில் கடக்கிற தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் நின்று நின்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்தாகிவிடும். முன்னால் போகிறவர்களுக்கு அதிகம் வராத தொல்லை இது. அவள் நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கிறவள். தனக்குத் தேவைப்படாத ஒன்றை எனக்காகப் படித்து வைத்திருந்தாள்.

அந்த வீட்டு மாமிக்கும் நன்றி. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாடு கேட்கிற கூட்டத்தை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். குழைய வடித்த சாதமும் தயிரும் போட்டு, "காரம் வேண்டாம்னா ஊறுகாயாவது தொட்டுக்கோங்கோ" என்று கெஞ்சினார்.

இனி, பெயர் தெரியாத ஒருவருக்கு. மாரத்தானுக்கென்றே விடியுமுன் விட்ட சிறப்பு லோக்கல் ரயிலை ஓட்டி வந்த மோட்டார்மேன் ஐயா, உங்களை நான் பார்க்கவில்லை. அந்த நேரத்து மும்பை லோக்கலில் உட்கார இடம் கிடைத்தது என்று சொன்னால் மும்பைக்காரர்களே நம்ப மாட்டார்கள். பெட்டி முழுக்க நெஞ்சில் எண் குத்திய ஆட்கள். யாரும் பேசவில்லை. தைல வாடை மட்டும் நிறைந்திருந்தது. எதிரே ஓர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு வாழைப்பழத்தைச் சிறிது சிறிதாகக் கடித்து வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார். அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பாதிப் பழத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பழகாத பழம் இல்லையே!

சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையத்தின் எதிரே போய் நின்றோம். 1888இல் கட்டி முடித்த அந்தக் கட்டடம் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2004இல். மும்பை மாரத்தான் முதன்முதலில் நடந்ததும் அதே 2004இல்தான். கொரோனாவால் நடுவில் இரண்டு ஆண்டு நின்றுபோய், இந்த ஜனவரி 19இல் நாம் ஓடியது 20ஆவது பதிப்பு. அரை மாரத்தான்காரர்களான டீச்சர் அக்காவும் இன்னும் சிலரும் மாஹிமிலிருந்து புறப்பட வேண்டும் என்பதால் முன்பே நம்மை விட்டுப் பிரிந்து போய்விட்டார்கள். விளக்குகள் போட்ட அந்த ரயில் நிலையக் கோபுரத்தின் கீழே நாம் எடுத்த படத்தில் எல்லோர் முகத்திலும் ஒரே பயம் தெரிகிறது. வேகமாக ஓடுகிறவர்களுக்கும் பயம் இருக்கும் என்பதை நான் கண்டுகொண்டது அங்கேதான்.

ஐந்து மணி வாக்கில் கூட்டம் நகர்ந்தது. நீங்கள் ஒரு நிமிடத்தில் காணாமல் போனீர்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் பார்த்த மும்பை வேறு, நான் பார்த்த மும்பை வேறு. நீங்கள் மரைன் டிரைவையும் ஹாஜி அலியையும் வொர்லியையும் இருட்டில் கடந்து, ஊர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி தூரத்தைத் தாண்டிவிட்டீர்கள். எனக்கு சீ லிங்க் பாலத்தின் மேல் பொழுது விடிந்தது. கடலின் மேல் 5.6 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து போகும் அந்தப் பாலம் 2009இல் திறந்தது. மற்ற நாட்களில் அதில் நடக்கக் கூடாது, இருசக்கர வண்டியும் போகக் கூடாது. கார் இல்லாத மும்பைக்காரர் பஸ்ஸிலோ டாக்சியிலோ போனால்தான் உண்டு. தன் காலை அதன் மேல் வைக்க முடியாது. மாரத்தான் அன்று மட்டும் வைக்கலாம். எனக்குப் பக்கத்தில் ஓடிவந்த ஒருவர் பாலத்தின் நடுவில் நின்று, குனிந்து, தார் ரோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டாக்சி ஓட்டுகிறாராம். தினமும் இதன் மேல்தான் போகிறாராம். வலது பக்கம் மாஹிம் வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்துக் கட்டடங்களின் பின்னாலிருந்து சூரியன் மேலே வந்தது. நான் இரண்டு நிமிடம் நடந்தேன். எனக்கு நேரம் இருந்தது.

பாந்த்ராவைத் தொட்டுத் திரும்பி, மாஹிம் மாதா கோயில் பக்கம் வந்தபோது பின்னால் விசில் சத்தமும் வண்டிச் சத்தமும் கேட்டன. தன்னார்வலர்கள் எங்களை ஓரமாகப் போகச் சொன்னார்கள். நமக்கு இரண்டு மணி நேரத்துக்கும் பின்னால் புறப்பட்ட ஆப்பிரிக்க வீரர்கள்! அவர்கள் கடக்கும்போது வந்த காலடிச் சத்தம் முறத்தில் அரிசி விழுவதுபோல் இருந்தது, அவ்வளவு லேசு, அவ்வளவு சீர். என்னைத் தாண்டிய அந்தக் கூட்டத்தில்தான் எரித்ரியாவின் பெர்ஹானே டெஸ்ஃபேயும் இருந்திருப்பார். 2 மணி 11 நிமிடச் சொச்சத்தில் ஓடி, இந்த ஆண்டு முதலில் வந்தவர் அவர். எத்தியோப்பியாவின் ஹேலே லெமி 2023இல் இதே சாலையில் 2 மணி 7 நிமிடம் 32 விநாடியில் ஓடி முடித்தார். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 நிமிடம். நம் நாட்டுச் சிப்பாய் சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடியதை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்த இந்தியராலும் முறியடிக்க முடியவில்லை என்று ஓட்டத்துக்கு முந்தைய இரவில் ஐ.டி. தம்பி சொன்னான். அந்த நேரங்களெல்லாம் அதுவரை எனக்கு வெறும் எண்கள். ஒரு கை தூரத்தில் அந்தக் கால்கள் கடந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேறெந்த விளையாட்டில் உலகத்தின் முதல் வரிசை ஆட்களோடு ஒரே மைதானத்தில் ஒரே போட்டியில் என்னைப் போன்றவளை இறக்கிவிடுவார்கள்?

அதிலும் பெண்களை. 1984இல் லாஸ் ஏஞ்சலஸில்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலில் மாரத்தான் வைத்தார்கள். அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். இவ்வளவு தூரத்தைப் பெண் உடம்பு தாங்காது என்று அதுவரை பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாஹிமிலிருந்து சிவாஜி பார்க் வரை என் முன்னும் பின்னும் வந்த பெண்களைப் பார்த்தபோது அந்தப் பெரிய மனிதர்களை நினைத்துச் சிரிப்புதான் வந்தது.

சிவாஜி பார்க் மக்களே, டோல் தாஷா மேளக்காரர்களே, உங்களுக்கு என் வணக்கம். நீங்கள் அடித்த அடியில் என் கால்கள் என்னைக் கேட்காமலே வேகமாகப் போயின. பிப்பில் எண்ணுக்கு மேல் அவரவர் பெயரும் அச்சடித்திருப்பார்கள். என் நீளமான தமிழ்ப் பெயரை மராத்திச் சிறுவன் ஒருவன் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் நான் அவனைத் தாண்டிவிட்டேன். அவன் விடவில்லை. பின்னாலேயே ஓடிவந்து, முழுப் பெயரையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நின்றான். அன்று நான் ஒரே ஒருவரைத் தோற்கடித்தேன் என்றால் அது அவனைத்தான், அதுவும் ஐந்தடிக்கு.

இனி பெடர் ரோடு. 35 கிலோமீட்டர் வாக்கில், வெயில் ஏறிய பிறகு வருகிற மேடு. மற்ற இடத்தில் அதை மேடு என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் உடம்பு சேர்த்து வைத்திருக்கிற கிளைகோஜன் 30 கிலோமீட்டர் வாக்கில் காலியாகத் தொடங்கும். அதற்குப் பிறகு கொழுப்பை எரித்துத்தான் போக வேண்டும். அது மெதுவாகத்தான் எரியும். கால் ஈயமாகிவிடும், மூளை 'நிறுத்து, நிறுத்து' என்று அனத்தும். ஓடுகிறவர்கள் 'சுவர்' என்கிறோமே, அது எனக்குச் சரியாக அந்த மேட்டின் அடிவாரத்தில் நின்றது.

அங்கே நின்றவர்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம். அதை விட்டுவிட்டு மாடி வீட்டுக் குடும்பங்கள் வாசலுக்கு மேசை போட்டு, ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், கடலை மிட்டாய், வெல்லம், வாழைப்பழம் எல்லாம் எடுத்து வைத்து மணிக்கணக்கில் நிற்கிறார்கள். முதலில் வந்தவர்களுக்குக் கை தட்டிவிட்டு உள்ளே போயிருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. பத்து மணிக்கு மேல், பாதி நடையும் பாதி ஓட்டமுமாக, உப்புப் பூத்த முகத்தோடு வந்த எங்களுக்கும் அவர்களிடம் அதே கைதட்டல் மிச்சம் இருந்தது. ஜஸ்லோக் மருத்துவமனைக்குக் கொஞ்சம் முன்னால் குஜராத்தி பேசிய பாட்டி ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒரு கையில் ஆரஞ்சுச் சுளையும் இன்னொரு உள்ளங்கையில் கல்லுப்பும் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். நான் சுளையை எடுத்தேன். அவர் தலையை ஆட்டி, அந்தச் சுளையை என் கையிலிருந்து வாங்கி, உப்பில் அழுத்தித் தொட்டுத் திரும்பக் கொடுத்தார். பிசியோ தங்கை எனக்குச் சொல்லி அனுப்பியதையே அவரும் செய்தார், இருவருக்கும் பேச ஒரு பொது மொழிகூடக் கிடையாது. அந்தப் பாட்டியின் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாக அந்தக் கையை நீட்டிக்கொண்டிருந்தாரோ!

லதா மங்கேஷ்கர் வாழ்ந்த பிரபு குஞ்ச் கட்டடத்தைத் தாண்டி, கெம்ப்ஸ் கார்னர் பக்கம் இறங்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்று உறைத்தது. வேகமாக ஓடுகிறவர்களுக்கு மாரத்தான் பதக்கத்தையும் நேரத்தையும் கொடுக்கிறது. பின்னால் வருகிறவர்களுக்கோ ஊரையே கொடுத்துவிடுகிறது. நீங்கள் எனக்காக வேகத்தைக் குறைத்திருந்தால் நாம் பேசிக்கொண்டே போயிருப்போம். தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் தெரியாதவர் கண்ணில் படமாட்டார். நீங்கள் என்னைத் தனியாக விட்டதால்தான் அந்த டாக்சிக்காரரும் சிறுவனும் பாட்டியும் எனக்குக் கிடைத்தார்கள்.

மரைன் டிரைவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விடியுமுன் விளக்கு மாலையாகத் தெரிந்த அதே வளைவு, திரும்பி வரும்போது நிழலே இல்லாத வெட்டவெளி. கடல் பக்கம் பார்த்தால் கண் கூசியது, கட்டடப் பக்கம் பார்த்தால் தூரம் குறைவதாகவே தெரியவில்லை. ஆனாலும் அங்கேயும் ஸ்பிரே டப்பாவோடு நின்ற தன்னார்வலப் பிள்ளைகள் என் கெண்டைக்கால் இரண்டுக்கும் அடித்துவிட்டு, "ஆன்ட்டி, பஸ் தோடா ஸா" (இன்னும் கொஞ்சம்தான்) என்று பச்சைப் பொய் சொன்னார்கள். அந்தப் பொய்க்கும் நன்றி.

முடித்தேன். பதக்கம் வாங்கிக்கொண்டு ஆசாத் மைதானத்தில் உங்களைத் தேடினேன். பினிஷ்ல பார்ப்போம் என்ற வங்கி அண்ணன், வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிசியோ தங்கை ஷூவைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். ஐ.டி. தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே தூங்கிப்போயிருந்தான். டீச்சர் அக்கா மட்டும் விழித்துக்கொண்டு, எல்லோர் பைக்கும் காவல் இருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொள்ளவில்லை, கண் கலங்கவில்லை. "முதல்ல இதைச் சாப்பிடு" என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். மாமி வீட்டுத் தயிர்சாதம். என் பங்கைத் தொடாமல் வைத்திருந்தீர்கள். ஓடி முடித்த பசியில் மற்றவர் பங்கைத் தொடாமல் இருப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்று ஓடினவர்களுக்குத்தான் தெரியும்.

மத்தியானம் மாடுங்காவில் நடந்ததை ஊரறியச் சொல்லியே ஆக வேண்டும். 1942இலிருந்து இலை போட்டுச் சாப்பாடு போடுகிற ராமா நாயக் உடுப்பிக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று ஒரே முடிவாக இருந்தீர்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பேட்டையில், ஓட்டம் முடித்த வயிற்றுக்குச் சாம்பாரும் ரசமும்தான் மருந்து. கடை முதல் மாடியில் இருப்பதை யாருமே யோசிக்கவில்லை. 42 கிலோமீட்டர் ஓடி வந்தவர்கள் ஒரு மாடிப்படியின் அடியில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த அந்தக் காட்சி! கடைசியில் வங்கி அண்ணன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பக்கவாட்டில் நண்டு நடையில் ஏறினார். நாம் எல்லோரும் அவர் பின்னால் வரிசையாக. மேலேயிருந்து சாப்பிட்டு இறங்கி வந்த குடும்பம் ஒன்று நம் கழுத்துப் பதக்கங்களைப் பார்த்துவிட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்று கை தட்டியது. அந்த மாடிப்படியில் மட்டும் நான் உங்கள் யாருக்கும் பின்தங்கவில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நன்றி சொல்லாமல் விட்டால் பாவம் சேரும் ஆட்கள் உண்டு. விடியுமுன்னிருந்து சந்திப்புகளில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர்கள். நாங்கள் எறிந்த தண்ணீர் பாட்டில்களை எங்கள் பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு வந்த மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் எத்தனை கிலோமீட்டர் குனிந்து நிமிர்ந்தார்களோ, பதக்கம் கிடையாது. பஸ் மாற்று வழியில் போனதால் சுற்றி நடந்தவர்கள். ஊர்ச் சாலைகளில் மாரத்தான் என்பதே ஒரு நகரம் தன் சௌகரியத்தை அரை நாளைக்கு விட்டுக்கொடுப்பதுதான். நியூயார்க்கில் 1970இல் தொடங்கியபோது அதை ஒரு பூங்காவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினார்கள். புறப்பட்டது 127 பேர், முடித்தது 55 பேர். 1976இல் அதைப் பூங்காவை விட்டு வெளியே கொண்டுவந்து, நகரத்தின் ஐந்து பகுதிகள் வழியாகவும் ஓடவிட்ட பிறகுதான் அது ஊர்த் திருவிழாவானது. பூங்காவில் ஓடினால் யாருக்கும் தொந்தரவு இல்லை, யாரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள். தெருவுக்கு வந்தால் தொந்தரவு உண்டு, கூடவே பாட்டிகளும் உண்டு.

பொதுவில் எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது என்றேனே, அது இதுதான். சென்னைவாசிகளே, நம் ஊரிலும் ஒவ்வொரு ஜனவரியிலும் மாரத்தான் நடக்கிறது. நேப்பியர் பாலத்திலிருந்து இருட்டிலேயே ஆயிரக்கணக்கானோர் புறப்படுகிறார்கள். "ரோட்டை அடைச்சிட்டாங்கப்பா" என்ற உங்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது. பால் வாங்கப் போக முடியாது, கோயிலுக்குப் போக முடியாது. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஒரு காலை, காபி டம்ளரோடு கேட்டுக்கு வெளியே வந்து நில்லுங்கள். முதலில் போகிறவர்களுக்காக வராவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் எப்படியும் போய்விடுவார்கள். வெயில் ஏறிய பிறகு, முகம் கறுத்து, காலை இழுத்துக்கொண்டு ஓர் ஆள் வருவார். அவர் பிப்பைப் பார்த்துப் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் இல்லை. அது அவரை ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போகும். என்னைத் தள்ளியது.

நண்பர்களே, கடைசியாக உங்களுக்கு ஒன்று. அடுத்த ஆண்டும் மும்பைக்குப் போவோம் என்று வங்கி அண்ணன் இப்போதே பட்டியல் போடத் தொடங்கிவிட்டார். வருகிறேன், என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் சென்னை மாரத்தான் அன்று நம்மில் பாதிப் பேர் ஓடட்டும், மீதிப் பேர் மேசை போட்டு நிற்கட்டும். சும்மா போட்டோவுக்காக ஒரு மணி நேரம் நிற்பது கிடையாது, கடைசி ஆள் போகும் வரைக்கும் நிற்க வேண்டும். நிற்கிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. ஆரஞ்சுக்கு நான் பொறுப்பு. உப்பு யார் கொண்டுவருகிறீர்கள்?

நன்றியுடன்,
உங்கள் கடைசிப் பெட்டி